கர்சீப் போடாத சீட்

நளினியிடம் யாராவது ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். வெறும் வயிற்றில் வெந்தயம் நல்லது என்று வாரப் பத்திரிகையில் படித்தால் வீடே ஒரு மாதம் வெந்தயம் தின்னும். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று ரேடியோவில் சொன்னால் கோயில் தீர்த்தத்தைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பாள். இப்படிப்பட்டவளிடம் போய், பெங்களூரில் அவள் வேலை பார்த்த பம்புசெட் கம்பெனியின் மேனேஜர் சௌந்தரராஜன், வாழ்க்கையை நடத்த ஒரே ஒரு சொல் போதும் என்று சொல்லிவிட்டார். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்.

அவர் அப்போதுதான் புனேயில் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். போகும்போது சாதாரண மனிதராகப் போனவர், திரும்பும்போது கண்ணில் ஒரு பளபளப்போடு வந்தார். ஒரு சனிக்கிழமை மதியம் எல்லோரையும் உட்காரவைத்து, உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது எது என்று யோசித்து ஒரு சொல்லில் சொல்லுங்கள் என்றார். இனிமேல் எந்த வேலையை முதலில் செய்வது, யாருக்குச் சரி சொல்வது, யாருக்கு முடியாது என்பது என்று குழப்பம் வரும்போதெல்லாம் அந்தச் சொல்லையே கேட்டு முடிவெடுங்கள் என்றார். கேஷியர் எழுந்து நிம்மதி என்றார். பார்சல் கட்டுகிறவர் நேரத்துக்குச் சாப்பாடு என்றார், அது ஒரு சொல் இல்லை என்று அவரை உட்காரவைத்தார்கள். நளினி எழுந்து, "நியாயம்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். சமோசா வந்துவிட்டிருந்தது என்பதும் கைதட்டலுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நளினி அந்தச் சொல்லைக் கைப்பைக்குள் வைத்த மாதிரி பத்திரமாகக் கோலார் தங்கவயலில் தன் வீடு இருக்கும் மாரிக்குப்பத்துக்குக் கொண்டுவந்தாள். முதலில் மாட்டியவன் அவள் கணவன் சிவகுமார். பெமல் தொழிற்சாலையில் டர்னர், வாயில்லாப் பூச்சி. அதுவரை சூடான தோசையெல்லாம் அவனுக்கும் ஆறிப்போன கடைசி தோசை அவளுக்கும் என்று எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. அன்று ராத்திரியிலிருந்து அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. டிவியில் கிரிக்கெட்டுக்குப் பாதி, சீரியலுக்குப் பாதி. யார் கடைசியாக எழுந்திருக்கிறார்களோ அவர்கள் பாய் மடிக்க வேண்டும். ஒரே வாரத்தில் சிவகுமார் தன் டிபன் டப்பாவைத் தானே கழுவக் கற்றுக்கொண்டான். இதைப் பார்க்கும்போது நியாயத்தின் மேல் நமக்கும் கொஞ்சம் மரியாதை வரத்தான் செய்கிறது.

சிக்கல் ரயிலில்தான் வந்தது.

பெங்களூருக்குப் போகும் காலை பாசஞ்சர் மாரிக்குப்பத்தில் புறப்படுகிறது. அங்கே ஏறுகிறவர்களுக்குப் பெட்டி காலியாகக் கிடைக்கும். அடுத்து சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கூட்டம் ஏறி, பங்காருபேட்டையில் மூச்சு முட்டும். ஆகவே மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள் தங்கள் ஆட்களுக்காகக் காலி சீட்டில் கர்சீப் போட்டு வைப்பார்கள். ஒரு கர்சீப் கிடந்தால் அங்கே ஆள் உட்கார்ந்திருப்பதாக அர்த்தம். அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காரும் துணிச்சல் தங்கவயலில் பிறந்த யாருக்கும் கிடையாது. சுரங்கத்தில் பாறை வெடிப்பதைப் பார்த்தவர்கள்கூட அந்த ஒரு முழம் துணிக்குப் பயந்து நின்றுகொண்டே போவார்கள்.

பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் நளினி உட்காருவாள். பக்கத்தில் இரண்டு கர்சீப். ஒன்று ஊரிகத்தில் ஏறும் மாலாவுக்கு, அவள் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைக்கிறவள், நளினி வயதுக்காரி. இன்னொன்று கோரமண்டலில் ஏறும் பியாட்ரிஸ் ஆன்ட்டிக்கு. ஆன்ட்டி பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. ஆனால் முழங்கால் இரண்டும் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. இந்த சீட் மட்டும் இல்லை என்றால் எப்போதோ வேலையை விட்டிருப்பேன் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள். நளினி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தூங்கிப்போய் இறங்க வேண்டிய கண்டோன்மென்ட்டை விட்டுவிட்டு சிட்டி ஸ்டேஷனில் அழுதுகொண்டு நின்றபோது, அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸில் விட்டு, ரயில் லேட் என்று மேனேஜரிடம் கூசாமல் பொய் சொன்னதும் இதே ஆன்ட்டிதான். நளினிக்கு அவளைப் பிடிக்கும் என்பது சின்ன வார்த்தை. ஆன்ட்டி இல்லாத ரயிலை நளினி நினைத்துப் பார்த்ததே இல்லை.

இன்னொருத்தியையும் சொல்லிவிட வேண்டும். சாம்பியனில் வெங்கடம்மா என்று ஒருத்தி ஏறுவாள். பெங்களூரில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கப் போகிறவள். ஏறியதும் அவள் கண் நேராக அந்த இரண்டு கர்சீப்புக்குப் போகும். பிறகு ஒன்றும் சொல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காலியாக இருக்கும் சீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். வருஷக் கணக்காக இப்படித்தான். மாலை ரயிலில் இந்த வம்பு கிடையாது, அது பெங்களூரிலேயே புறப்படுவதால் முன்னால் போனவர்களுக்கெல்லாம் இடம் உண்டு.

நியாயம் வந்து சேர்ந்த மறு வாரம், வெங்கடம்மாவின் அந்தப் பார்வையை நளினி முதல்முறையாகப் பார்த்தாள். அதற்கு முன்பும் அது அங்கேதான் இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. முன்னால் ஏறியவள் நிற்க, பின்னால் ஏறுகிறவளுக்குத் துணி காவல் காப்பது என்ன நியாயம்?

மறுநாள் அவள் கர்சீப்பை எடுக்கவே இல்லை.

சாம்பியனில் ஏறிய வெங்கடம்மா வெறும் சீட்டைப் பார்த்துவிட்டு, பிறகு நளினியைப் பார்த்தாள். உட்காருங்க என்று நளினி சொன்ன பிறகும் பாதி சீட்டில்தான் உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடுவார்கள் என்பது போல. அடுத்த சீட்டில் யாரோ ஒரு டீச்சர் உட்கார்ந்துவிட்டாள். ஊரிகத்தில் ஏறிய மாலா, இன்னாடி இது என்று கையாலேயே கேட்டாள். கோரமண்டலில் பியாட்ரிஸ் ஆன்ட்டி ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி, இன்னொரு காலை வைத்து ஏறி வந்தாள்.

"இன்னா நளினி, கர்சீப் எடுத்தாற மறந்துட்டியா?"

"மறக்கல ஆன்ட்டி. இனிமே போடறதில்லன்னு வெச்சிக்கினேன். மொதல்ல வர்றவங்க உக்காரட்டும். அதான நியாயம்."

ஆன்ட்டி சரி என்றாள். குடையை ஊன்றிக்கொண்டு பெங்களூர் வரைக்கும் நின்றாள். அதைப் பார்க்க நளினிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொள்கை என்றால் கொஞ்சம் வலிக்கத்தானே செய்யும் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வலித்தது யாருக்கு என்று அவள் யோசிக்கவில்லை. நல்லவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

மூன்று நாலு நாள் ஆன்ட்டி அப்படியே நின்றுகொண்டு வந்தாள். பிறகு ஒரு நாள் கோரமண்டலில் அவள் ஏறவில்லை. மறுநாளும் இல்லை. பஸ்ஸில் போகிறாளாம் என்று மாலா விசாரித்துச் சொன்னாள். ராபர்ட்சன்பேட்டை பஸ்ஸில் முதல் ஸ்டாப்பிலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்குமாம், ஆனால் அந்த ரோட்டில் பஸ் குதிக்கிற குதியில் முழங்கால் வீங்கிப் போய்விட்டதாம். வேலையை விட்டுவிடலாமா என்று ஆபீஸில் கேட்டிருக்கிறாளாம். இதையெல்லாம் மாலா நளினியின் முகத்தைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

நளினிக்குப் பயம் வந்தது. அப்படியென்றால் மறுபடியும் கர்சீப் போட வேண்டியதுதானா, அப்படிப் போட்டால் வெங்கடம்மாவை எந்த முகத்தோடு பார்ப்பது என்று மாலாவிடமே புலம்பினாள். ஒருத்திக்கு நியாயம் செய்தால் இன்னொருத்திக்கு அநியாயமாகிறதே, நான் என்னதான் செய்யட்டும் என்றாள். அவள் அதை உண்மையிலேயே கஷ்டப்பட்டுத்தான் கேட்டாள். ஆனால் நின்றுகொண்டு வருகிறவளிடம் உட்கார்ந்துகொண்டு புலம்பக் கூடாது. மாலாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"கர்சீப் போட்டா வெங்கடம்மா நிக்கறாங்க. போடலன்னா ஆன்ட்டி நிக்கறாங்க. ரெண்டு நியாயத்துலயும் நீ மட்டும் ஜன்னலோரமா உக்காந்துக்கினே தானடி வர்ற?"

பங்காருபேட்டை போனது, டைக்கல் போனது, அவள் காதில் அந்த ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வந்தவர்களுக்கே இடம் என்ற சட்டம் மாரிக்குப்பத்தில் குடியிருப்பவளுக்கு ஏன் இனிக்காது? அவள் இதுவரை கொடுத்ததெல்லாம் ஆன்ட்டியின் சீட், மாலாவின் சீட். தன் சீட் அவள் கணக்கிலேயே வரவில்லை. அவமானத்தில் காது மடல் சுட்டது. எழுந்து மாலாவுக்கு இடம் கொடுக்கலாம் என்று பார்த்தால், மாலா முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

ராத்திரி சிவகுமாரிடம் சொன்னாள். அவன் தன் பங்கு தோசையைத் தின்றுகொண்டே கேட்டுவிட்டு, மாலா சொன்னது நியாயம்தானே என்றான். அந்தச் சொல்லை அந்த வீட்டில் இன்னொருவர் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வரும் நேரம் பார்த்து நளினி கோரமண்டலுக்குப் போனாள். ஆன்ட்டியின் கணவர் டக்ளஸ்தான் கதவைத் திறந்தார். மைன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டுட்டு இவ வீட்ல உக்காந்தா நான் எங்க போறது, நீயாவது சொல்லும்மா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார். ஆன்ட்டி உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். நளினி மன்னிப்புக் கேட்பதற்காக ரயிலில் வரும்போதே வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். அந்த வீங்கிய முழங்காலைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆன்ட்டி அவளை அழவிட்டாள். பிறகு டீயைக் கொடுத்துவிட்டு, உன் மேல எனக்கு இன்னா கோவம் என்றாள். வெங்கடம்மா பக்கத்தில் நிற்பதை நானும்தான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன், என் முட்டி வலி கண்ணை மறைத்துவிட்டது, நீ செய்தது சரிதான் என்றாள். இனிமேல் நீயே கர்சீப் போட்டாலும் நான் உட்கார மாட்டேன் என்றும் சொன்னாள். நளினிக்கு இதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

"நாளைக்கு ட்ரெய்ன்ல வாங்க ஆன்ட்டி."

"வந்து? நின்னுக்கினு போகவா? மாச முடிவுல லெட்டர் குடுத்துடலாம்னு கீறேன்."

"ஒரு நாள் வாங்க. வரலன்னா நான் கோரமண்டல்லயே எறங்கிடுவேன். வேலைக்குப் போக மாட்டேன்."

ஆன்ட்டி வெந்நீரில் காலை மாற்றி வைத்தாள். டக்ளஸ்தான் வாசல் வரை வந்து, அனுப்பி வைக்கிறேன் என்று சைகை காட்டினார்.

திங்கட்கிழமை நளினி வழக்கம் போல ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கர்சீப் இல்லை. சாம்பியனில் வெங்கடம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், இப்போதெல்லாம் முழு சீட்டிலும் உட்காரப் பழகியிருந்தாள். அவளுக்கு அடுத்து அதே டீச்சர். ஊரிகத்தில் ஏறிய மாலா எதிர்ப் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். கோரமண்டலில் வண்டி நின்றது. நளினி ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்தாள். காலேஜ் பிள்ளைகள் ஏறினார்கள், காய்கறிக் கூடை ஒன்று ஏறியது. ஆன்ட்டியைக் காணோம். கார்டு விசில் கொடுத்தார். சொன்னபடி இறங்கிவிடுவதா என்று நளினி பையை எடுத்துவிட்டாள். அப்போது பெட்டியின் கோடி வாசலில் முதலில் ஒரு குடையும் அதற்குப் பின்னால் ஆன்ட்டியும் வந்தார்கள். கீழே இருந்து டக்ளஸ் தள்ளிக்கொண்டிருந்தார்.

நளினி கூட்டத்துக்குள் கையை நீட்டி அவளை இழுத்துவந்து, தன் சீட்டில் உட்காரச் சொன்னாள்.

ஆன்ட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் சீட் எனக்கு வேணாம். எனக்குப் பாவம் பாக்காத."

"யாரையும் எழுப்பிட்டுக் குடுக்கல. துணி போட்டும் வெக்கல. எனக்குக் கெடச்சது இது, இத நான் யாருக்கு வேணா குடுப்பேன். உக்காருங்க ஆன்ட்டி, எனக்குக் கை வலிக்குது."

ஆன்ட்டி உட்கார்ந்தாள். முழங்காலை மடக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டதை நளினி பார்த்தாள். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

நிற்பது என்றால் என்ன என்று நளினிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபேன் காற்று உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மட்டும் போகிறது. வளைவில் வண்டி சாயும்போது முன்பின் தெரியாத ஒருத்தியின் டிபன் டப்பா விலாவில் இடிக்கிறது. பங்காருபேட்டையில் ஏறிய கூட்டம் அவள் செருப்பை ஒரு பக்கமும் அவளை ஒரு பக்கமும் தள்ளியது. டைக்கல் வருவதற்குள் கெண்டைக்கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் வெங்கடம்மா வாயைத் திறந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் கொஞ்சம் எழுந்து எனக்கு இடம் கொடுத்தால் என்ன, இவளுக்காகத்தானே எல்லாம் என்று நளினிக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு அந்தக் கோபத்தை நினைத்துச் சிரிப்பும் வந்தது. வருஷக் கணக்கில் நின்றவள், தூங்கட்டும். மாலா எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. நளினியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மாலூர் நெருங்கும்போது ஆன்ட்டி குடையை ஊன்றி எழுந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் முட்டி இறுகிப்போகும், கொஞ்சம் நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நீ உட்கார் என்றாள். அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆன்ட்டி அந்தக் காலத்தில் மேனேஜரிடம் பொய் சொன்ன அதே முகத்தோடுதான் சொன்னாள். நளினி முடியாது என்றாள். ஆன்ட்டி, நான் சொன்னா கேளு என்றாள். நீங்க உக்காருங்க, நீ உக்காரு, மாட்டேன், மாட்டேன் என்று இருவரும் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். வண்டி மாலூரில் நின்றது, கூட்டம் ஏறியது, வண்டி புறப்பட்டது. இவர்கள் திரும்பிப் பார்த்தபோது சீட்டில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

நளினி வாயைத் திறந்தாள். அவளே போட்ட சட்டப்படி அந்தப் பெண்ணைக் கேட்க அவளுக்கு ஒரு வார்த்தையும் இல்லை. கர்சீப் கிடக்கவில்லை, சீட் காலியாக இருந்தது, அந்தப் பெண் முதலில் வந்தாள். வாயை மூடிக்கொண்டு ஆன்ட்டியைப் பார்த்தாள். அந்த முழங்காலோடு பெங்களூர் வரை நிற்க வேண்டுமே, இனிமேல் இவள் ரயில் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா என்று கவலைப்பட்டாள்.

ஆன்ட்டி சிரித்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, பிறகு கண்ணைத் துடைக்க கர்சீப் தேடினாள். மாலாவும் சிரித்துவிட்டாள். வெங்கடம்மா அந்தச் சத்தத்தில் விழித்து, நிலைமையைப் பார்த்து, டீச்சரை ஒரு இடி இடித்துத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆளுக்கு ஒரு ஓரம் பண்ணிக்கொடுத்தாள். ஆன்ட்டி அதில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, மீதிக்கு நளினியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு மாலூர் வந்து நான் எழுந்தன்னா, வாய மூடிக்கினு உக்காரணும். புரியுதா?"

நளினி தலையாட்டினாள். நாளைக்கு என்பதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தன. ஒயிட்ஃபீல்ட் இன்னும் வரவில்லை. ஆன்ட்டி சாய்ந்துகொள்ள வசதியாக அவள் கொஞ்சம் நெருங்கி நின்றாள்.